ஆண்டு விழாவில் யாரும் கேட்காத அந்த ஐந்து நிமிடம்

தொடக்கப் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போயிருக்கிறவர்களுக்கு அந்த ஐந்து நிமிடம் நினைவிருக்கும். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து, வரவேற்புரை முடிந்து, தலைமையாசிரியர் கையில் நாலு தாளோடு மைக் முன்னால் வந்து நிற்பார். ‘ஆண்டறிக்கை வாசித்தல்’ என்று நிகழ்ச்சி நிரலில் அச்சாகியிருக்கும். அம்மாக்கள் அந்த நேரம் பார்த்துத்தான் மேடைக்குப் பின்னால் ஓடிப்போய்ப் பிள்ளை தலையில் சரிந்த பூவைக் குத்திவிடுவார்கள். அப்பாக்கள் டீ குடிக்கக் கிளம்புவார்கள். முன்வரிசையில் பொன்னாடைக்குக் காத்திருக்கும் பெரியவர்கள் மட்டும் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள்.

2023 மார்ச்சில் நானும் மேடைக்குப் பின்னால்தான் இருந்தேன். இரண்டாம் வகுப்பு படித்த என் மகள் கரகம் ஆட இருந்தாள். அறிக்கையில் என்ன வாசித்தார்கள் என்று ஒரு வரிகூட என் காதில் விழவில்லை. அப்போது அந்தப் பள்ளியின் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் நான். இதை எழுதும்போதும் மனசு உறுத்துகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில், பேருந்து தினம் நாலு தடவை வந்து திரும்பும் ஒரு ஊர். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்பு, 47 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டக் கணக்கில் 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர், 61 ஆனால்தான் மூன்றாவது ஆசிரியர். ஐந்து வகுப்பை இரண்டு பேர் எப்படி நடத்துகிறார்கள் என்பதை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தவர்கள் அதன்பிறகு ஆசிரியர்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசமாட்டார்கள். நான் பார்த்தேன்.

2022இல் தமிழ்நாடு முழுக்க மேலாண்மைக் குழுக்களை மறுபடி அமைத்தார்கள். ஒரு பள்ளிக்கு 20 உறுப்பினர்கள். அதில் 15 பேர் பெற்றோர், ஏனென்றால் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கூட்டத்துக்கு வந்த அம்மாக்களில் பத்தாவது தாண்டிப் படித்தவள் நான் என்பதால் என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து செல்பேசியில் அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். பிரிவு 21இல் குழுவுக்கு உள்ள வேலை எழுதியிருக்கிறது: பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிக்க வேண்டும், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும், அரசிடமிருந்தும் உள்ளாட்சியிடமிருந்தும் வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்க வேண்டும். பிரிவு 22 முழுக்க அந்த மேம்பாட்டுத் திட்டத்தைப் பற்றியது. சட்டத்தின் விதிகளின்படி மூன்று ஆண்டுக்கு ஒரு திட்டம், அதற்குள் ஆண்டுக்கு ஒரு துணைத் திட்டம். எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எத்தனை ஆசிரியர் வேண்டும், என்ன கட்ட வேண்டும், அதற்கு எவ்வளவு பணம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். நான் முதல் வருஷம் முழுக்கத் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் போட்டேன்.

ஆண்டு விழா முடிந்த மறுநாள் காலை, பள்ளி வாசலில் ஒரு அப்பத்தா என்னை மறித்தார். அவருடைய பேரன் அப்போது இரண்டாம் வகுப்பு.

“ஏத்தா, நேத்து மைக்குல ரூவா ரூவான்னு ஏதோ வாசிச்சாகளே, அது எம்புட்டு?”

நான் விழித்தேன். “கிராண்ட் பணம் அப்பத்தா. பள்ளிக்கூடத்துக்கு வருஷா வருஷம் வரும்.”

“வரட்டும். அவ்வளவு ரூவா வந்தும் எம்பேரன் ஏன் இன்னும் எழுத்துக் கூட்டியே வாசிக்கிறான்? அதையும் அந்தத் தாள்ல எழுதியிருந்தாகளா?”

எழுதியிருக்கவில்லை. பெரிய டீச்சரிடம் வாங்கிப் பார்த்தேன். தலைமையாசிரியரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். நாலு பக்கம். மாணவர் சேர்க்கை எண்ணிக்கை, நலத்திட்டப் பொருள்களின் பட்டியல், விளையாட்டுப் போட்டியில் வாங்கிய பரிசு, நன்கொடையாளர் பெயர்கள், எல்லோருக்கும் நன்றி. பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பெற்றோர் கேட்க விரும்புகிற கேள்வி ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை. திட்டம் ஒரு பக்கம், இலக்கு ஒரு பக்கம், பணம் ஒரு பக்கம் என்று தனித்தனியாகக் கிடந்தது. இந்தப் பணத்தில் இதைச் செய்தோம், அதனால் இத்தனை பிள்ளைகளுக்கு இது வந்தது, இத்தனை பேருக்கு வரவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அப்பத்தா கேட்டது அந்த வாக்கியத்தைத்தான்.

அடுத்த வருஷ அறிக்கையை நாம் வேறு மாதிரி எழுதலாமா என்று பெரிய டீச்சரிடம் கேட்டேன். உடனே சரி என்று அவர் சொல்லவில்லை. “வாசிப்பு வராத பிள்ளைங்க எத்தனை பேருன்னு மைக்குல சொன்னா, மறுநாள் மேல இருந்து வந்து எங்களைத்தாம்மா கேப்பாங்க. அந்தப் பிள்ளைங்களோட அம்மாக்கள் முகத்தை எப்படிப் பாக்குறது?” என்றார். நியாயமான பயம். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும். எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே என்ன செய்யப் போகிறோம் என்பதும் இருக்க வேண்டும். விழா மேடையில் வேண்டாம். விழாவுக்கு ஒரு வாரம் முன்னால், சாயங்காலம், பள்ளித் தாழ்வாரத்தில் பெற்றோரை மட்டும் கூப்பிட்டு வாசிக்கலாம்.

பணத்திலிருந்து தொடங்கினோம், அது எளிது என்று நினைத்து. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி, 30க்கு மேல் 100 வரை பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் மானியம். 30 பேர் வரைதான் என்றால் 10,000. அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. நூலகத்துக்கு 5,000, விளையாட்டுக்கு 5,000 தனி. ஆக எங்கள் பள்ளி நேரடியாகத் தன் கையால் செலவு செய்யக்கூடியது, எல்லாம் முழுசாக வந்தால், 35,000 ரூபாய். 47ஆல் வகுத்தேன். ஒரு பிள்ளைக்கு, ஒரு வருஷத்துக்கு, ஏறத்தாழ 745 ரூபாய். சுண்ணாம்பு, கரும்பலகைச் சாயம், பினாயில், சோப்பு, பாய், மோட்டார் ரிப்பேர், பிரிண்டர் மை, கதைப் புத்தகம், பந்து எல்லாமே அதற்குள்தான். ஆசிரியர் சம்பளம், சத்துணவு, பாடநூல், சீருடை இதில் சேராது. அவை வேறு வழியாக வருகின்றன. அந்த 745 என்ற எண்ணைத் தாழ்வாரத்தில் சொன்னபோது யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு அப்பா, “நான் வண்டிக்கு ஒரு வாரம் பெட்ரோல் அவ்வளவுக்குப் போடுறேன்” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

இங்கே ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். அது என் தவறும்தான். 2022–23இல் மானியத்தின் பெரும்பகுதி பிப்ரவரியில்தான் செலவு செய்யும் நிலைக்கு வந்தது. மார்ச் 31க்குள் முடிக்காவிட்டால் கணக்கில் தங்காது. அப்போது பள்ளிக்கு அவசரமாகத் தேவைப்பட்டது கழிப்பறைக் குழாய்கள். மூன்றில் இரண்டு ஒழுகிக்கொண்டிருந்தன, பெண்பிள்ளைகள் மதியத்துக்குமேல் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்தார்கள். ஆனால் ஊரில் குழாய் வேலை பார்க்கும் அண்ணனிடம் முறையான பில் புத்தகம் இல்லை. டவுனில் இருந்த கடையில் ஒரு இரும்பு பீரோவுக்கு அன்றைக்கே பில் கிடைத்தது. பீரோ வாங்கினோம். தீர்மானப் புத்தகத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். குழாய் ஜூன் வரை ஒழுகியது.

இதை அறிக்கையில் எழுத வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அப்படி எழுதும்போது ஒரு விஷயம் புலப்பட்டது. எல்லா ஆண்டறிக்கையிலும் எவ்வளவு பணம் வந்தது என்று இருக்கும். எந்தத் தேதியில் வந்தது என்று இருக்காது. ஜூனில் வரும் 5,000 ரூபாய் வருஷம் முழுக்கப் பிள்ளைகள் படிக்கும் புத்தகமாகும். பிப்ரவரியில் வரும் அதே 5,000 அவசரத்தில் வாங்கிய ஏதோ ஒரு பொருளாகும். எங்கள் அறிக்கையில் தொகைக்குப் பக்கத்தில் தேதிக்கு ஒரு கட்டம் போட்டோம். அந்த ஒரு கட்டத்துக்காகவே அந்த அறிக்கையை எழுதியது வீண்போகவில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

இது எங்கள் ஊரோடு நிற்கிற விஷயமும் இல்லை. இந்த மானியம் வரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு ஒன்றிய அரசு நூற்றுக்கு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு தர வேண்டும் என்பது ஏற்பாடு. தேசியக் கல்விக் கொள்கையையும் ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தையும் ஒட்டிய தகராறில் 2024–25க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது செய்தித்தாள்களில் வந்தது. தலைநகரங்களில் அது கொள்கைச் சண்டை. எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் தாளில் இருந்த தேதிக் கட்டம்தான் கண்முன் வந்தது.

இலக்கு என்ற பகுதிதான் எங்களைத் திணறடித்தது. பழைய அறிக்கையில் ‘மாணவர்களின் கற்றல் அடைவை மேம்படுத்த அனைத்து முயற்சிகளும் மேற்கொள்ளப்படும்’ என்று இருந்தது. இதை எந்தப் பள்ளியும் எந்த ஆண்டும் வாசிக்கலாம். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியபோது, 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பிழையில்லாமல் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் தெரிந்திருக்க வேண்டும் என்று அரசு இலக்கு வைத்தது. அது மாநில அளவிலான பெரிய இலக்கு. எங்களுக்குத் தாழ்வார அளவில் ஒன்று வேண்டியிருந்தது.

சின்ன டீச்சர்தான் வழி காட்டினார். எண்ணும் எழுத்தும் வகுப்பில் பிள்ளைகளை வகுப்புப்படி இல்லாமல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைப்பார்கள். மூன்றாம் வகுப்பில் பத்துப் பேர். அதில் மூன்று பேர் இன்னும் அரும்பில்தான் இருந்தார்கள். “அந்த மூணு பேரு மொட்டைத் தாண்டணும். அதுதான் என் இலக்கு. வேற எதுவும் எழுதாதீங்க” என்றார். எழுதினோம். ‘வரும் ஆண்டு முடிவதற்குள் இந்த மூன்று பிள்ளைகளும் ஒரு பத்தியை நிறுத்தாமல் வாசிப்பார்கள்.’ எண்ணிப் பார்த்துச் சரியா தவறா என்று சொல்லக்கூடிய வாக்கியம். பெரிய டீச்சர் அதைப் படித்துவிட்டுப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

மூன்று பேருக்கும் ஒரே காரணம் இல்லை என்பதும் எண்ணிப் பார்க்கப் போனதால்தான் தெரிந்தது. ஒரு பெண்குழந்தைக்கு எழுத்து தெரியும், சேர்த்து வாசிக்கப் பழக்கம் இல்லை. நூலகப் பணத்தில் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் வாங்குவது என்றும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தினம் மதியம் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது என்றும் எழுதினோம். இன்னொரு பையனுக்கு, இல்லம் தேடிக் கல்வி என்ற அரசின் மாலை வகுப்பைத் தன்னார்வலராக நடத்திய ஊர்த் தங்கச்சி ஒருத்தி சாயங்காலம் கோயில் மண்டபத்தில் கூடுதலாக நேரம் ஒதுக்கினாள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு அந்தப் பெண் செய்த வேலையை ஊர் இன்னும் சரியாக மதிக்கவில்லை. மூன்றாவது, அப்பத்தாவின் பேரன். அவன் வருகைப் பதிவேட்டை விரித்துப் பார்த்தால் வரிசையாக ஓட்டை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகும் நாளெல்லாம் அவன் வீட்டில் இரண்டு வயதுத் தங்கச்சியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அங்கன்வாடி டீச்சரிடம் போய்ப் பேசினோம். குழந்தையைச் சேர்த்துக்கொண்டார். அறிக்கையில் செலவு என்ற இடத்தில் ‘ரூபாய் எதுவும் தேவைப்படவில்லை’ என்று எழுதினோம்.

திட்டங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, ஒன்றைத் தவிர. 2023 ஆகஸ்ட் 25 முதல் காலை உணவு எங்கள் பள்ளிக்கும் வந்தது. சமைப்பவர்கள் மகளிர் குழுப் பெண்கள், அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் அம்மாக்கள். நம் மண்ணில் பள்ளியில் சோறு போடும் யோசனைக்கு நூறு வயதுக்குமேல் ஆகிறது: 1920இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர். என்று விரிந்து வந்தது. எங்கள் அறிக்கையில் அந்த வரலாறெல்லாம் எழுதவில்லை. ‘காலை முதல் பாடவேளையில் தலையைச் சாய்த்துப் படுக்கும் பிள்ளைகள் இப்போது இல்லை’ என்ற சின்ன டீச்சரின் வரியை அப்படியே போட்டோம். கிச்சடி போடும் நாளில் தாமதமாக வருபவர் யாரும் இல்லை என்றும் அவர் சேர்க்கச் சொன்னார்.

சேர்க்கையில் ஒரு மாற்றம் செய்தோம். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் விலகித் தனியார் பள்ளி வேனில் ஏறினார்கள் என்பதையும் எழுதினோம். அந்த வருஷம் நான்கு பேர். போன வீடுகளுக்கு நேரில் போய்க் கேட்டோம், சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ள. ஆங்கிலம் என்றுதான் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு வீட்டில் கழிப்பறை என்றார்கள். அந்த ஒழுகும் குழாய். நான் பீரோவை நினைத்துக்கொண்டே அந்தத் திண்ணையிலிருந்து எழுந்து வந்தேன்.

ஊரார் முன் பள்ளியின் குறையை வாசிப்பது புதிதும் இல்லை. காமராசர் காலத்தில் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று பட்டியல் எடுத்து ஊரைக் கூட்டி முன்வைத்தார்கள். பெஞ்சு, மணி, தம்ளர், நிலம், கட்டடம் என்று முடிந்தவர்கள் முடிந்ததைக் கொடுத்தார்கள். இப்போதும் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற அரசுத் திட்டம் வழியாக நன்கொடை தரலாம். 2022 டிசம்பரில் தொடங்கியது. நன்கொடை தருகிறவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுவரில் ஓவியம் வரையவும் ஸ்மார்ட் டிவி மாட்டவும் ஆள் வருகிறார்கள். கழிப்பறை கழுவும் அக்காவுக்குக் கையுறை வாங்கித் தரவும், வருஷம் முழுக்க சோப்புக்கும் யாரும் வருவதில்லை. புகைப்படத்தில் விழாத செலவுகளில்தான் ஒரு பள்ளி நடக்கிறது. எங்கள் பட்டியலில் சோப்பை முதல் வரியில் எழுதினோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் ஒருவர் ஒரு வருஷச் சோப்புச் செலவை ஏற்றுக்கொண்டார்.

2024 மார்ச்சில் ஒரு சாயங்காலம் தாழ்வாரத்தில் கூடினோம். முப்பத்தி இரண்டு பெற்றோர் வந்தார்கள். ஒரு வெள்ளை சார்ட்டில் எல்லாம் இருந்தது. பெரிய டீச்சர் மைக் இல்லாமல் பேச்சுத் தமிழில் வாசித்தார். பீரோவின் வரி வந்தபோது அவர் குரல் தாழ்ந்தது. நான் எழுந்து, அதில் என் கையெழுத்தும் இருக்கிறது என்றேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். பின்னால் இருந்த குழாய் அண்ணன், “சொல்லியிருந்தா டவுன் கடையில சாமானுக்குப் பில் வாங்கிக் குடுத்துட்டு, கூலி இல்லாமலே மாட்டியிருப்பேனே” என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. பெரிய டீச்சர் அவர் செல்பேசி எண்ணைக் கேட்டு சார்ட்டின் ஓரத்திலேயே எழுதிக்கொண்டார்.

அப்பத்தா கடைசி வரை பேசவில்லை. கூட்டம் கலையும்போது சார்ட்டுக்குப் பக்கத்தில் போய், ‘மூன்று பிள்ளைகள்’ என்று எழுதியிருந்த இடத்தை என்னிடம் காட்டச் சொன்னார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. காட்டினேன். விரலை அந்த இடத்தில் வைத்து, “இதுல ஒண்ணு எங்க பய” என்றார்.

2024 ஆகஸ்ட்டில் புதுக் குழு அமைந்தது. இந்த முறை 24 உறுப்பினர்கள். என் மகள் நான்காம் வகுப்புக்கு வந்திருந்தாலும், வேறு ஒரு அம்மா வரட்டும் என்று நான் விலகிக்கொண்டேன். புதுத் தலைவரிடம் தீர்மானப் புத்தகத்தையும் சுருட்டி வைத்த சார்ட்டையும் கொடுத்தேன். தரையில் விரித்து வரிவரியாகப் பார்த்தார். பத்தாவது முடிக்காதவர், ஆனால் கடன் குழுக் கணக்கை விரல் நுனியில் வைத்திருப்பவர்.

“இது என்னக்கா, சுற்றுச்சுவர்ன்னு போட்டிருக்கு, தேதிக் கட்டம் காலியா இருக்கு?”

“கிராம சபையில தீர்மானம் போட்டாச்சு. இன்னும் வரலை.”

“அடுத்த கிராம சபை எப்ப?”

“அக்டோபர் ரெண்டு.”

அவர் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தக் காலிக் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் ‘அக். 2 கேக்கணும்’ என்று எழுதினார்.